மீறினாலும் யாரும் பிடிக்காத சட்டம்: யூத நெறி என்ன சொல்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலை நேர வகுப்பில் ஒப்பீட்டுச் சட்டம் நடத்துகிறேன். யூதச் சட்டத்துக்கு வரும் நாளில் ‘அரசின் சட்டமும் சட்டமே’ என்ற ஒரு வரியைப் பலகையில் எழுதுவேன். எழுதிவிட்டுத் திரும்புவதற்குள் பின்வரிசையிலிருந்து குரல் வரும்: “மீறினால் பிடிக்க ஆளில்லாத சட்டமுமா சார்?” ஒவ்வொரு வருடமும் ஆள் மாறுகிறது, கேள்வி மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட பாணியிலேயே கேள்விகளை எழுதி, பதில்களையும் சேர்த்திருக்கிறேன். நான் யூதன் இல்லை, ரபி எனப்படும் யூத மதகுருவும் இல்லை. இந்த நூல்களை விரும்பிப் படிப்பவன், அவ்வளவுதான்.

யூதச் சட்டம்னா இஸ்ரேல் நாட்டுச் சட்டமா சார்?

இல்லை. இஸ்ரேலுக்கு நாடாளுமன்றம் இயற்றும் சட்டம் தனியாக இருக்கிறது. நாம் பேசுவது ‘ஹலாகா’ என்னும் சமயச் சட்டம். யூத வேதமான தோராவில் வேர்விட்டு, ஏறக்குறைய கி.பி. 200-இல் தொகுக்கப்பட்ட மிஷ்னாவிலும், அதன்மேல் எழுந்த பெரும் விவாதத் தொகுப்பான தல்மூதிலும் வளர்ந்து, பிறகு ரபிகளின் தீர்ப்புகளாகவும் தொகுப்பு நூல்களாகவும் இன்றுவரை நீள்வது அது. என்ன சாப்பிடலாம் என்பதிலிருந்து, பக்கத்து வீட்டுச் சுவர் இடிந்து விழுந்தால் யார் பணம் தரவேண்டும் என்பதுவரை எல்லாம் அதில் உண்டு.

ஒன்றை மட்டும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சட்டத்துக்குப் பெரும்பாலான இடங்களில் போலீஸும் கிடையாது, சிறையும் கிடையாது. வேலை கூடாத ஓய்வுநாளான சபாத்தன்று, அதாவது சனிக்கிழமை, வீட்டுக்குள் விளக்குச் சுவிட்சைத் தொட்டாரா இல்லையா என்று யாரும் வந்து பார்ப்பதில்லை. ஆனாலும் லட்சக்கணக்கானோர் தொடுவதில்லை. அப்படிப்பட்டவர்களிடம் போய் “பிடிக்க ஆளில்லாத சட்டம் சட்டமா?” என்று கேட்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

அரசாங்கத்துக்குக் கட்டுப்படணும்னு அவங்க மதத்துல எங்க சொல்லியிருக்கு?

அராமிக் மொழியில் மூன்றே சொற்கள்: ‘தினா தெமல்குதா தினா’. அரசின் சட்டம் சட்டமே. சொன்னவர் ஷ்முவேல். 3-ஆம் நூற்றாண்டில், இன்றைய ஈராக்கில் இருந்த நஹர்தெயா என்ற ஊரில் வாழ்ந்த அறிஞர். அவர் காலத்தில்தான் பாரசீகத்தின் சாசானியர்கள் ஆட்சிக்கு வந்தார்கள். புதிய ராஜா, புதிய வரி, புதிய பத்திர முறை. யூதர்களோ தங்களுக்கென்று நீதிமன்றம் வைத்திருந்த சிறுபான்மையினர். ராஜாவின் அதிகாரி வரிபாக்கிக்காக ஒருவர் நிலத்தை விற்றால் அதை வாங்கியவருக்கு அது சொந்தமா? அரசு அலுவலகத்தில் எழுதிய பத்திரத்தை யூத நீதிமன்றம் ஏற்கலாமா? இப்படிக் கையில் மண் ஒட்டிய கேள்விகளுக்காகப் பிறந்த வரி அது. தல்மூதில் நான்கு வெவ்வேறு இடங்களில் வருகிறது.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ‘கட்டுப்படு, இல்லாவிட்டால் அடி விழும்’ என்று ஷ்முவேல் சொல்லவில்லை. அரசின் சட்டம் நம் சட்டத்துக்குள்ளேயே சட்டமாக எண்ணப்படும் என்கிறார். அதன்படி உனக்குச் சேரவேண்டியது உனக்குச் சொந்தம், அரசுக்குச் சேரவேண்டியதை நீ வைத்துக்கொண்டால் அது திருட்டு.

ஆனா சுங்கக்காரன்கிட்ட பொய் சொல்லலாம்னு மிஷ்னாவிலேயே இருக்காமே?

இருக்கிறது. வரிகள் பற்றிய பேச்சில் இந்தக் கேள்வியோடு ஒருவராவது வராமல் இருந்ததில்லை. கொலைகாரன், கொள்ளைக்காரன், சுங்கக்காரன் மூவரிடமும் ‘இந்தத் தானியம் பூசாரிக்கு ஒதுக்கியது, இது ராஜவீட்டுச் சொத்து’ என்று, அப்படி இல்லாவிட்டாலும், சபதமே செய்து தப்பிக்கலாம் என்கிறது மிஷ்னா. சுங்கக்காரனுக்கு எந்த வரிசையில் இடம் என்று பாருங்கள்.

தல்மூத் உடனே மடக்குகிறது: ஷ்முவேல்தான் அரசின் சட்டம் சட்டமே என்றாரே, பிறகு எப்படி? இரண்டு பதில்கள் வருகின்றன. ஒன்று, இது வரம்பே இல்லாமல் வாய்க்கு வந்ததைக் கேட்கும் சுங்கக்காரனைப் பற்றியது. இன்னொன்று, யாரும் நியமிக்காமல் தானாகவே சாவடி போட்டு நிற்பவனைப் பற்றியது. முறையாக நியமிக்கப்பட்டு, விதித்ததை மட்டும் வாங்குபவனிடம் ஏமாற்றினால் அது திருட்டுதான். ஆக முழு வாசகத்தையும் படித்தால் வரி ஏய்ப்புக்கு ஆதாரம் கிடைப்பதில்லை. கிடைப்பது ஓர் அளவுகோல்: உன்முன் கை நீட்டுபவன் அரசா, அரசின் வேடம் போட்டவனா?

ராஜா சொன்னா மதம் ஏன் கேக்கணும்? காரணம் ஏதாவது சொல்றாங்களா?

ஷ்முவேல் காரணம் சொல்லாமல் போய்விட்டார். பின்னால் வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். பிரான்ஸின் த்ருவாவில் வாழ்ந்த ரஷி (1040–1105), நீதிமுறை அமைப்பது யூதருக்கு மட்டுமல்ல, மனிதகுலம் முழுவதற்கும் இடப்பட்ட கட்டளை என்பதைத் தொட்டுக்காட்டுகிறார். அவர் பேரன் ரஷ்பம் சொன்னது இன்றைய காதுக்கு எளிதில் ஏறும்: நாட்டு மக்கள் தாங்களாக மனமுவந்து ராஜாவின் சட்டங்களை ஏற்றிருக்கிறார்கள். 14-ஆம் நூற்றாண்டு ஸ்பெயினின் ரான் முன்வைப்பது நிலவுடைமை வாதம். மண் ராஜாவுடையது, ‘என் சொல் கேட்காவிட்டால் என் மண்ணைவிட்டுப் போ’ என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. நம்மூர் வீட்டு உரிமையாளர் போல.

மூன்றையும் மறந்துவிடாதீர்கள். சரியாக அமலாகாத சட்டத்தைப் பற்றிக் கேட்கும்போது மூன்றும் மூன்று பதில் தருகின்றன.

அப்போ அரசாங்கம் சொல்றதெல்லாம் மதக் கடமையா? சனிக்கிழமை கடையைத் திறன்னு சொன்னா?

திறக்கமாட்டார்கள். இந்த விதி முக்கியமாகப் பணம், சொத்து, வரி, பொது ஒழுங்கு ஆகியவற்றுக்கானது. சபாத், உணவு, திருமணம், மணவிலக்கு போன்றவற்றில் அரசு தோராவை மாற்ற முடியாது. அதேபோல அரசு ஒன்றை அனுமதித்துவிட்டது என்பதற்காகச் சமயம் தடுத்தது அனுமதி ஆகிவிடாது.

பண விஷயத்திலும் எல்லை உண்டு. 16-ஆம் நூற்றாண்டுப் போலந்தின் கிராகோவ் நகர ரபி மோசே இசெர்லஸ், சுருக்கமாக ராமா, அரசுக்குப் பயன் தருவதோ நாட்டு மக்களின் நன்மைக்கானதோ ஆன சட்டமே இதில் சேரும் என்று வரையறுத்தார். இல்லாவிட்டால் யூத நீதிமன்றங்களுக்குக் கதவைச் சாத்திவிட்டுப் போகவேண்டியதுதானே என்பது அவர் கவலை.

சுத்தி வளைக்காம சொல்லுங்க சார். மாட்டமாட்டோம்னு உறுதியா தெரிஞ்சா மீறலாமா?

கூடாது. மாட்டிக்கொள்வோமா என்பது இந்தக் கணக்கில் வரவே வராது.

தோராவில் ஒரு விநோதம். பட்டப்பகலில் பறித்துக்கொண்டு போகும் கொள்ளையன் எடுத்ததைத் திருப்பித் தந்தால் போதும். இருட்டில் வந்த திருடன் இரட்டிப்பாகத் தரவேண்டும். ஏன் திருடனுக்கு அதிகம் என்று ரப்பான் யோகனான் பென் சக்காய் என்ற பழைய அறிஞரிடம் மாணவர்கள் கேட்டார்கள். கொள்ளையன் மனிதருக்கும் அஞ்சவில்லை, கடவுளுக்கும் அஞ்சவில்லை. இருவரையும் ஒன்றாகவே வைத்தான். திருடனோ மனிதர் கண்ணுக்குப் பயந்து ஒளிந்தான், மேலே ஒரு கண் இல்லை என்பதுபோல நடந்தான் என்றார். அதே ரப்பான், சாகும் தறுவாயில் ஆசி கேட்டு நின்ற மாணவர்களிடம், மனிதர்க்கு அஞ்சுமளவாவது கடவுளுக்கு அஞ்சுங்கள் என்கிறார். ‘அவ்வளவுதானா?’ என்று அவர்கள் கேட்க, ‘அந்த அளவாவது வந்தால் போதாதா! தவறு செய்கிறவன் யாரும் பார்க்கக்கூடாதே என்றுதானே நினைக்கிறான்’ என்று பதில் வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. வகுப்பில் வாசித்தால் சற்று நேரம் யாரும் பேசுவதில்லை.

நீதிமன்றம் கைவைக்க முடியாத கடமைகளும் ஹலாகாவில் உண்டு. விலை பேசிப் பணமும் கொடுத்த பிறகு, சரக்கு கைமாறுமுன் ஒருவன் பின்வாங்கினால், நீதிமன்றத்தால் அவனைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் ‘ஊழிவெள்ளத் தலைமுறையைத் தண்டித்தவர், சொன்ன சொல்லில் நில்லாதவனையும் தண்டிப்பார்’ என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பும். கட்டாயம் இல்லாததால் கடமை கரைந்துவிடுவதில்லை.

போலீஸே கண்டுக்கலைன்னா, அரசாங்கமே அந்தச் சட்டத்தை விட்டுடுச்சுன்னுதானே அர்த்தம்?

இதுதான் உருப்படியான கேள்வி. முந்தைய கேள்வி போலத் தோன்றினாலும் வேறு. அங்கே அரசுக்குப் பிடிக்க ஆசை, பிடிக்க முடியவில்லை. இங்கே பிடிக்க முடியும், பிடிக்க நினைக்கவில்லை. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டினால் குழப்பம்தான் மிஞ்சும்.

தல்மூதில் இதற்கு மிக அருகே வரும் ஒரு காட்சி இருக்கிறது. பாபிலோனில் கால்வாய்கள் நிறைய. ராஜாவின் ஆட்கள் தனியார் தோட்டங்களில் பேரீச்சை மரங்களை வெட்டிப் பாலம் போடுவார்கள். எல்லோரும் அதன்மேல் நடந்து போவார்கள். ராவா என்ற அறிஞர் அதையே சான்றாகக் காட்டுகிறார்: அரசின் சட்டம் சட்டம் இல்லையென்றால் அது திருட்டு மரம், அதன்மேல் நாம் எப்படிக் கால் வைக்கிறோம்? மரக்காரர்கள் ‘போனது போனதுதான்’ என்று கைகழுவிவிட்டதால் இருக்கலாமே என்கிறார் அபாயே. சட்டம் செல்லாது என்றால் அவர்கள் ஏன் கைகழுவவேண்டும் என்று ராவா திருப்புகிறார். அடுத்துத்தான் நமக்கு வேண்டிய இடம். ராஜா சொன்னது, எல்லாத் தோட்டங்களிலும் பங்குபோட்டு வெட்டுங்கள் என்று. ஆட்கள் செய்ததோ, ஒரே தோட்டத்தில் மொத்தமாக வெட்டிவிட்டார்கள். ஆணையை அப்படியே நிறைவேற்றவில்லை. அப்போது பாலம் திருட்டுப் பாலம் ஆகாதா? தல்மூதின் பதில்: ராஜாவின் ஆள் ராஜா மாதிரி, அவன் தோட்டம் தோட்டமாக அலையமாட்டான். மரம் இழந்தவன்தான் மற்றத் தோட்டக்காரர்களிடம் அவரவர் பங்குக்குப் பணம் வாங்கிக்கொண்டிருக்கவேண்டும்.

இந்த வாதத்தின் நிழலில் நின்று, அதிகாரிகள் நடைமுறையில் எதை வற்புறுத்துகிறார்களோ அதுவே அரசின் சட்டம், ஏட்டில் மட்டும் கிடப்பது அல்ல என்று சொல்லலாம். இன்றைய ரபிகளிலும் அப்படி வாதிடுபவர்கள் உண்டு. எதிர்ப்பக்கத்துக்கும் ஆதாரம் கைவசம்: மூன்றாம் கேள்வியில் பார்த்த சுங்கக்காரன். விதித்ததை மீறி வாங்கும் அதிகாரியின் நடைமுறையை அங்கே சட்டம் என்று ஏற்கவில்லையே. எழுதியதுதான் அளவு என்று அதிலிருந்து வரும். என் கருத்தைக் கேட்டால், இரண்டும் மோதவில்லை. ராஜாவின் வேலையைச் சோம்பலாகச் செய்பவன் ஒருவன், ராஜாவின் பெயரில் தன் பை நிரப்புபவன் இன்னொருவன். அரசின் விருப்பம் எது என்பதே இரண்டு இடத்திலும் தேடப்படுகிறது.

சரி, அந்த மூணு காரணத்தையும் வச்சா இதுக்கு என்ன பதில் வரும்?

தேர்வில் நான் கேட்கும் கேள்வி இது, பதிலை வெளியிட்டால் அடுத்த வருடம் வேறு தயாரிக்கவேண்டும். பரவாயில்லை. ரஷ்பம் வழியில், மக்களின் ஏற்புதான் அடித்தளம். மக்களும் அதிகாரிகளும் சேர்ந்தே ஒரு சட்டத்தை மறந்துவிட்டால் அடித்தளம் ஆடும். ரான் வழியில், உரிமையாளரின் விருப்பம்தான் எல்லாம். ‘மாடியில் துணி காயப்போடக் கூடாது’ என்று பலகை மாட்டிய வீட்டுக்காரரே தினமும் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனால் விதி செத்தது. அவர் ஊரில் இல்லாத நாளில் மட்டும் காயப்போட்டால் விதி உயிரோடுதான் இருக்கிறது. ரஷி வழியில், அமலாக்கம் நடக்கிறதா என்பதைவிட அது நீதிமுறையின் பாகமா என்பதே கேள்வி. எனவே மூன்றில் இதுதான் சுலபத்தில் விட்டுக்கொடுக்காது. இவை என் தர்க்கம், தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ளவேண்டாம்.

ஊரே மீறுது. நான் ஒருத்தன் மட்டும் எதுக்குக் கட்டுப்படணும்?

யூதச் சட்டம் தன் சொந்த ஆணைகளுக்கே இந்தச் சோதனையை வைத்திருக்கிறது. பெரும்பான்மையினரால் தாங்க முடியாத கட்டளையைச் சமூகத்தின்மேல் சுமத்தக்கூடாது என்பது விதி. பிறசமயத்தார் எண்ணெயை யூதர் பயன்படுத்தக்கூடாது என்று பழைய தடை ஒன்று இருந்தது. 3-ஆம் நூற்றாண்டில் யூதச் சமூகத் தலைவர் இரண்டாம் யூதாவும் அவர் அவையும் விசாரித்துப் பார்த்தார்கள். அந்தத் தடை மக்களிடையே பரவவே இல்லை என்று தெரிந்தது. தடையை நீக்கினார்கள். இதை வைத்து யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் (1138–1204) தம் சட்டத் தொகுப்பில், மக்களிடம் பரவாத ஆணை செல்லாது என்று எழுதுகிறார்.

நீக்கியது யார் என்பதைக் கவனியுங்கள். அவை கூடி ஆராய்ந்து நீக்கியது. ‘எல்லோரும் ஊற்றுகிறார்கள், நானும் ஊற்றுகிறேன்’ என்று வீட்டுக்கு வீடு நீக்கிக்கொண்டதை முன்மாதிரியாக யாரும் காட்டுவதில்லை. அரசுச் சட்டத்துக்கு இது நேரடி விதி இல்லை, ஒப்புமைதான். ஆனாலும் ‘ஊரே மீறுகிறது’ என்ற வாதம் எந்த அளவு ஓடும் என்பதை இது காட்டுகிறது.

ராத்திரி ரெண்டு மணி. ரோட்ல ஒரு நாய்கூட இல்ல. சிவப்பு விளக்கு. நிக்கணுமா?

வண்டியில் இருந்தால், நில்லுங்கள். சாலை விதிகளில் அரசின் சட்டம் என்ற வாதத்தை எடுக்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் வராது. ‘மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டு, உன் வீட்டின்மேல் ரத்தப்பழி வராதிருக்கட்டும்’ என்பது தோராவின் நேரடிக் கட்டளை. ஆபத்தான எல்லாவற்றுக்கும் அதை விரித்தார்கள். தடைகளைவிட ஆபத்தில்தான் கடுமை காட்டவேண்டும் என்று தல்மூத் சொல்கிறது. வேகவரம்பு, குடித்துவிட்டு ஓட்டுவது, தலைக்கவசம் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். கேமரா இருக்கிறதா என்பது பொருட்டில்லை. அதே காரணத்தால், பிரசவ வலியில் இருப்பவரை ஏற்றிப்போகும்போது கதையே வேறு. உயிர் காக்க சபாத்தையே மீறலாம் என்கிற சட்டம் இது.

நடந்து கடப்பவருக்கு? ஊர் வழக்கத்தைப் பாருங்கள் என்பேன். நியூயார்க்கில் கண்ட இடத்தில் சாலையைக் கடப்பது பல பத்தாண்டுகள் குற்றமாக இருந்தது, ஊரே கடந்துகொண்டிருந்தது. 2024-இல் நகர மன்றம் அதைச் சட்டப்படியே அனுமதித்துவிட்டது. ஏட்டுச் சட்டம் கடைசியில் நடைமுறையைப் பிடித்துக்கொண்டதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

ரசீது வேண்டாம்னா குறைச்சுத் தரேன்னு பிளம்பர் சொல்றார். ஏமாத்துறது அவர்தானே, எனக்கென்ன?

இது எல்லா நாட்டிலும் கேட்கும் குரல். இஸ்ரேலில் 2025 ஜனவரி முதல் மதிப்புக்கூட்டு வரி 18 சதவீதம். சமையலறைத் தொட்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, ஈரக்கையைத் துடைத்தபடி “ரசீதோடயா, ரசீது இல்லாமலா?” என்று ஒருவர் கேட்டால், அந்த 18 சதவீதம்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறது. அதிகாரி வந்து அந்தத் தொட்டியைப் பார்க்கப்போவதில்லை.

முறையாக விதித்து, எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் உள்ள வரி இது. மூன்றாம் பதிலின் அளவுகோலில் சந்தேகத்துக்கே இடமில்லை. அவர் செய்வது தவறு. உங்கள் பங்கு? ‘குருடன் முன் தடைக்கல் வைக்காதே’ என்ற தோராவின் வரி, இன்னொருவர் தவறு செய்ய வழி அமைத்துக் கொடுப்பதையும் தடுக்கிறது. தள்ளுபடி உங்கள் பையில் வருகிறது என்னும்போது ‘எனக்கென்ன’ என்பது இன்னும் பலவீனமாகிறது. பணமாகக் கொடுப்பதில் தவறில்லை, கணக்கில் வராமல் கொடுப்பதுதான் சிக்கல். அவர் பிறகு கணக்கு காட்டினாரா என்று துப்பறியும் கடமை உங்களுக்கு இல்லை.

பாட்டு, சாப்ட்வேர், புத்தக பிடிஎஃப் எல்லாம்? அதை யாரு பிடிக்கிறா?

யாரும் பிடிக்காத காலத்தில்தான் யூத உலகின் முதல் பெரிய பதிப்புரிமை வழக்கு நடந்தது. 1550-இல் பதுவா ரபி மெயிர் கட்செனெலென்போகன், வெனிசில் பிராகடின் அச்சகத்தில் மைமோனிடிஸின் சட்டத் தொகுப்பை அச்சிட்டார். ஜுஸ்தினியானி என்ற போட்டி அச்சுக்காரர் அதையே மலிவாகப் போட்டு அவரை மூழ்கடிக்கப் பார்த்தார். அச்சகத்தாரோ யூதர் அல்லர். வெனிஸ் எங்கே, கிராகோவ் எங்கே! அங்கிருந்த ராமா, முதல் பதிப்பு விற்றுத் தீரும்வரை இரண்டாவதை யாரும் வாங்கக்கூடாது, வாங்கினால் சமூக விலக்கு என்று தீர்ப்பளித்தார். அச்சுக்காரரைத் தொட முடியாது, ஆகவே வாங்குபவரைத் தொட்டார்.

இன்று இந்தத் தடைக்கு அடித்தளம் எது என்பதில் ரபிகளிடையே வழக்கு தீரவில்லை. படைத்தவரின் சொத்து என்பார் சிலர், பிறர் பிழைப்பைக் கெடுத்தல் என்பார் சிலர், அரசின் சட்டம் என்பார் சிலர். கடைசிப் பிரிவினருக்கு மட்டும்தான் அமலாக்கம் பற்றிய கேள்வி எழும். உரிமையாளர் நீக்கச் சொல்லி நோட்டீஸ் அனுப்பிக்கொண்டே இருக்கும்போது அவர் கைகழுவிவிட்டார் என்று சொல்வது கடினம்.

சட்டம் எல்லாருக்கும்னு எழுதியிருக்கு. ஆனா எங்க தெருக்காரங்களை மட்டும்தான் பிடிக்கிறாங்க. அப்பவுமா?

மைமோனிடிஸ் தெளிவாக ஒரு கோடு போட்டார்: ராஜா எல்லோருக்கும் பொதுவாக விதிப்பது கொள்ளை ஆகாது. ஊரறிந்த சட்டத்தை விட்டு ஒருவனிடம் மட்டும் பிடுங்குவது கொள்ளை. எழுத்தில் பொது, நடப்பில் பாரபட்சம் என்றால் எந்தப் பக்கம்? மேலே சொன்ன நியூயார்க் சட்டத்தையே எடுங்கள். அதில் அபராதச் சீட்டு வாங்கியவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன மக்கள் என்பதுதான் அதை நீக்கச் சொன்னவர்களின் முக்கியமான வாதம்.

ஒருவரைக் குறிவைத்துப் பிடுங்கும் அந்த அபராதம் மைமோனிடிஸின் கோட்டுக்கு அப்பால் விழுகிறது என்றே நினைக்கிறேன். ஆனால் அதிலிருந்து, பிடிபடாத மற்றவர்களுக்கும் சட்டம் செல்லாது என்று தாண்டக்கூடாது. பேரீச்சைத் தோட்டக்காரன் கதையில் பாரம் ஒருவன்மேல் விழுந்தது. ஆனாலும் சட்டம் செல்லும் என்றுதான் முடிந்தது, மற்றவர்கள் பங்கு தரவேண்டும் என்பதோடு.

அரசாங்கமே ஆட்டம் கண்டு போச்சுன்னா? யார் ஆட்சின்னே தெரியாத இடத்துல?

இதற்கு மைமோனிடிஸ் வைத்த அளவுகோல் மிக எளிது: யாருடைய நாணயம் செல்கிறது? எந்த ராஜாவின் காசை மக்கள் வாங்கிக் கொடுத்துப் புழங்குகிறார்களோ அவரை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். காசு செல்லவில்லை என்றால் அவர் ஆயுதம் வைத்திருக்கும் கொள்ளைக்கூட்டத் தலைவர் மட்டுமே. ஒரு விதி சரியாக அமலாகவில்லை என்பதும், அரசே இல்லை என்பதும் வேறு வேறு. முதலாவதைக் காட்டி இரண்டாவதன் சலுகையைக் கேட்பவர்கள் எங்கும் உண்டு.

நம்ம பக்கம் இதுக்கு ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, எதிர்த்திசையிலிருந்து. ஏறக்குறைய கி.பி. 1000-இல் சேரமன்னன் பாஸ்கர ரவிவர்மன், யூத வணிகர் ஜோசப் ரப்பானுக்கு அஞ்சுவண்ணம் என்னும் வணிகக்குழு உரிமையையும் 72 உரிமைகளையும் அளித்துச் செப்பேடு எழுதினான். சுங்கவிலக்கும் அதில் சேர்த்தி. வட்டெழுத்தில் பொறித்தது, தமிழ் அறிந்தவர் காதில் விழுந்தால் பாதி புரியும் மொழி. கொச்சி மட்டாஞ்சேரி யூதக் கோயிலில் அதைக் காத்துவந்தார்கள். வரி கட்டாமல் இருந்ததற்கு அவர்களிடம் இருந்தது அரசின் சொல்லே. அதிகாரி பார்க்காத நேரம் இல்லை.

இஸ்ரேலில் இந்த விதி செல்லாதுன்னு சிலர் சொல்றாங்களே?

நான்காம் பதிலில் வந்த ரானைப் பிடித்துக்கொள்கிறார்கள். நிலவுடைமைதான் காரணம் என்றால், இஸ்ரவேல் மண்ணில் எல்லா யூதருக்கும் பங்குண்டு, அங்கே ராஜா யாரையும் வெளியேறு என்று சொல்ல முடியாது, ஆகவே அங்கே பொருந்தாது என்று அவரே எழுதியிருக்கிறார். மற்றக் காரணங்களை ஏற்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. முன்னாள் தலைமை ரபி ஓவாதியா யோசேப் உட்படப் பலர், இஸ்ரேல் அரசின் வரிச்சட்டங்களும் கட்டுப்படுத்தும் என்றே தீர்ப்பளித்தார்கள்.

அப்போ பக்திமான்கள் எல்லாரும் ஒழுங்கா வரி கட்டுறாங்களா?

எந்தச் சமூகத்தைப் பற்றிக் கேட்டாலும் இதற்கு ஒரே பதில்தான். ஒன்று சொல்லலாம்: தொப்பியும் தாடியுமாக ஒருவர் மோசடி வழக்கில் நிற்கும்போது, ரபிகள் அதற்குத் தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். ‘ஹில்லுல் ஹஷேம்’, இறைவன் பெயரை இழிவுபடுத்துதல். திருட்டுக்கு மேல் இன்னொரு குற்றம்.

வருஷக்கணக்கா ஏமாத்திட்டேன். யாரும் கண்டுபிடிக்கலை. இப்ப மனசு உறுத்துது. யார்கிட்ட திருப்பிக் கொடுக்க?

ஒரு வரி ஆலோசகர், தம் வாடிக்கையாளருக்காக என்று சொல்லிக் கேட்டார். நம்பினேன்.

யாரிடம் எடுத்தோம் என்று தெரிந்தால் அவரிடமே போகவேண்டும். வரி என்றால் அரசு இருக்கிறது. தானாக முன்வந்து கணக்கு காட்டுபவர்களுக்குப் பல நாடுகளில் தனி நடைமுறை உண்டு. அமெரிக்கக் கருவூலத்தில் 1811 முதல் ‘மனச்சாட்சி நிதி’ என்று ஒரு கணக்கே இருக்கிறது, பெயர் போடாமலும் அனுப்பலாம்.

எடுத்தது யாரிடமிருந்து என்றே தெரியாத நிலைக்கும் தல்மூதில் வழி இருக்கிறது. அது பேசுவது மறுபக்கத்து ஆட்களைப் பற்றி: ஊரை அடித்து வசூலித்த வரித் தண்டலர்கள், கண்ட வயலிலும் ஆடு மேயவிட்ட மேய்ப்பர்கள். இவர்கள் திருந்துவது கடினம் என்கிறது, ஏனென்றால் யார் யாரிடம் எடுத்தார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது. தெரிந்தவர்களுக்குத் திருப்பிக் கொடு, மீதியை வைத்து ஊருக்குப் பொதுவேலை செய். என்ன வேலை என்பதையும் ரவ் ஹிஸ்தா சொல்லிவிட்டார்: கிணறு வெட்டு, குளம் தோண்டு, நீர்க்குகை அமை. பறிகொடுத்தவன் என்றாவது அந்த வழியாக வந்து தண்ணீர் குடிப்பான்.